ஆட்டை வைத்துப் படித்தவள்

சந்திரம்மாளைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால், அவளைப் பார்த்துச் சிரித்தவர்களின் முகம்தான் முதலில் ஞாபகம் வருகிறது. உடனே கோபமும் வந்துவிடுகிறது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வடக்குப்பட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், யாக்கோபு மகள் ரூத்திடம் வாயைக் கொடுத்துவிட்டு மீண்டவர்கள் கிடையாது என்று. பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், எங்கள் சபைப் போதகர் என்று ஒருத்தரையும் விட்டதில்லை. அதனால் இதையும் கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991இல் சந்திரம்மாளுக்கு இருபத்தொன்பது வயது. பிள்ளைப்பாக்கத்துக்காரி. புருஷன் கோதண்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் முனையில் ஒரு கீற்றுக் கொட்டகையில் ஆட்டுக்கறி போடுவார். மற்ற நாட்களில் கழனி வேலை. சந்திரம்மாள் வாரத்தில் ஆறு நாள் ஊர்ப் பால்வாடியில் ஆயா. பிள்ளைகளுக்குச் சோறாக்குவாள், மூக்குத் துடைப்பாள், கால் கழுவி விடுவாள். ஏழாவது நாள் புருஷன் கடையில் குடல் கழுவுவாள். ஒன்பது வருஷமாக இதே ஓட்டம்.

அந்த வருஷப் பொங்கலோடு பால்வாடி டீச்சர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து டீச்சர் வேலையையும் சந்திரம்மாள்தான் பார்த்தாள். பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள், பிள்ளைகளை எடை போட்டு நோட்டில் எழுதினாள், தடுப்பூசி நாளன்று வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தாள். பெயர் மட்டும் ஆயாதான். அந்த வேலையை எனக்கே கொடுங்கள் என்று ஆபீசில் போய்க் கேட்டாள்.

"பத்தாவது பாஸா?" என்று கேட்டார்கள்.

"எல்லாம் பாஸுங்க. உயிரியல் ஒண்ணுதான் நிக்குது."

"டிசம்பருக்குள்ள சர்டிபிகேட் கொண்டாந்தா உனக்கு. இல்லன்னா வெளிய இருந்து ஆள் போட்டுடுவோம். அடுத்த வருஷம் உனக்கு வயசும் தாண்டிடும்."

விஷயம் அவ்வளவுதான். ஏப்ரல் பரீட்சை எழுதினாள், இருபத்தெட்டு மார்க். பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும். மிச்சம் இருந்தது அக்டோபர் பரீட்சை ஒன்றே ஒன்று.

நானும் அதே தாளில் இரண்டு தடவை கோட்டைவிட்டவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் லைனுக்குப் பெண்களை எடுத்தார்கள், பத்தாவது பாஸாகியிருக்க வேண்டும் என்றார்கள். அதற்காக ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் நடந்த டுட்டோரியலில் சேர்ந்தேன். சந்திரம்மாளும் அங்கேதான் சேர்ந்திருந்தாள். விண்ணப்பத்தை இருவரும் ஒரே நாளில் கொடுத்ததால் எங்கள் பரீட்சை எண்களும் அடுத்தடுத்து வந்தன.

பாடம் நடத்தியவர் பலராமன் மாஸ்டர். கைடு புத்தகத்தைத் திறந்து படிப்பார், நாங்கள் அடிக்கோடு போட வேண்டும். அதுதான் பாடம். ஒருநாள் திடீரென்று சந்திரம்மாளை எழுப்பி, மனித ஜீரண மண்டலத்தைப் போர்டில் வரையச் சொன்னார். அவள் கூச்சமே இல்லாமல் போய்ச் சாக்பீஸை எடுத்தாள். வாய், உணவுக்குழல், அதற்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிய நாலு பை. வலது கைப் பக்கமாக ஈரல்.

"இது என்னம்மா?" என்றார் மாஸ்டர்.

"வவுறு சார்."

"நாலு வயிறா?"

"ஆமா சார். நாலு ரூம்பு. ஒண்ணு பெருசு, ஒண்ணு தேனடை கணக்கா இருக்கும், ஒண்ணு ஏடு ஏடா..."

மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மனுஷனை வரையச் சொன்னா மாட்டை வரையறியேம்மா! உன் வூட்ல எல்லாரும் சாப்ட்டு அசை போடுவாங்களா?"

பதினைந்து பேரும் சிரித்தோம். ஆமாம், நானும்தான் சிரித்தேன். மறைப்பானேன்?

அவள் மட்டும் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "இதைத்தான் ஏப்ரல்லயும் வரைஞ்சி வெச்சேன். தப்புன்னா ஏன் தப்புன்னு சொல்லுங்க. நீங்க சிரிச்சா எனக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

"தெரிஞ்சி நீ டாக்டராவா ஆகப் போறே? கைடுல இருக்கறதை மனப்பாடம் பண்ணு. புரிஞ்சிக்கிற வேலையெல்லாம் உனக்கு வேணாம்."

"புரியாததை நான் எழுத மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸை மேசைமேல் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு சாயங்கால வகுப்புக்கு அவள் ஒரு எவர்சில்வர் தூக்கோடு பஸ் ஏறினாள். அந்த வருஷம் மே மாதம் எங்கள் பக்கம் நடந்த குண்டுவெடிப்பை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஊருக்குள் நுழைகிற பஸ்ஸையெல்லாம் போலீஸ் நிறுத்தும். பையோ பாத்திரமோ வைத்திருந்தால் திறந்து காட்ட வேண்டும். போலீஸ்காரர் தூக்கைத் திறந்தார். உள்ளே ரத்தம் கழுவிய ஆட்டு இதயம் ஒன்று, கிட்னி ரெண்டு.

"இன்னாம்மா இது?"

"பாடம் சார்" என்றாளாம். அவர் மூடியைப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டாராம்.

வகுப்பில் அந்த இதயத்தை எடுத்து ஒரு வாழை இலைத் துண்டில் மேசைமேல் வைத்தாள். "சார், இதுல இடது வெண்ட்ரிக்கிள் எதுன்னு காட்டுங்க." மாஸ்டர் நாற்காலியோடு பின்னால் போனார். அப்புறம் மானம் போகிறதே என்று சாக்பீஸ் முனையால் ஒரு பக்கம் தொட்டார். அவள் தலையை ஆட்டினாள். மடியிலிருந்த சின்னக் கத்தியை எடுத்து இதயத்தை இரண்டாகப் பிளந்தாள்.

"நீங்க தொட்டது வலது. பாருங்க, செவுரு எம்மாம் மெல்லிசு. இது நொரையீரலுக்குத் தள்ளுனா போதும், பக்கத்துலயே கீது. இந்தாண்ட பாருங்க, எம்மாம் தடி. இது தலையிலேர்ந்து கால் வரிக்கும் தள்ளணும். அதான் இடது. புஸ்தகத்துலயும் அப்டித்தான் போட்டுக்கீது, நீங்க அதைப் படிக்கச் சொல்லோ தாண்டிப் பூட்டீங்க."

"வெளியே போ" என்றார் மாஸ்டர்.

அவள் இலையைச் சுருட்டிக்கொண்டு போனாள். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக நான் உருப்போட்டு உருப்போட்டு மறந்த விஷயம், இரண்டு நிமிஷத்தில் மண்டையில் ஏறிவிட்டது. எழுந்தேன். "சார், இனிமே நானும் வரல. நீங்களும் கைடும் நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி அவளைப் பிடித்தேன்.

அதிலிருந்து ஞாயிறு தோறும் எங்கள் வகுப்பு கோதண்டத்தின் கறிக்கொட்டகையில் நடந்தது. காலைக் கூட்டம் பத்து மணிக்குக் கலைந்துவிடும். அப்புறம் அவள் குடல் கழுவ உட்காருவாள். நான் புத்தகத்தைப் பாலித்தீன் பையில் போட்டுப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருவேன். நான் படிப்பேன், அவள் கையில் எடுப்பாள். பித்தப்பையை ஈரலிலிருந்து உடையாமல் பிரிப்பாள். உடைந்தால் கறியெல்லாம் கசக்கும், அதனால் அது எங்கே ஒட்டியிருக்கிறது, குழாய் எங்கே போகிறது என்று அவள் விரலுக்குத் தூக்கத்திலும் தெரியும். கடையில் சுவரொட்டி என்று விற்பதுதான் புத்தகத்தில் மண்ணீரல். கடைப்பெயரை எழுதினால் மார்க் கிடையாது என்று, ஒரு பழைய நோட்டில் கடைப்பெயர் ஒரு பக்கம், புத்தகப் பெயர் ஒரு பக்கமாக எழுதிக்கொண்டோம். பால்வாடியில் பிள்ளைகள் தூங்குகிற நேரம் அவள் அதை உரக்கச் சொல்லிப் பார்ப்பாள். பிள்ளைகளுக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

கோதண்டத்துக்குத்தான் தொல்லை. எங்களால் முழு இதயமும் முழு கிட்னியும் கடையில் தங்குவதில்லை. "கிட்னியைப் பாதியா அறுத்து வெச்சிக்கீறியே மே, இன்னான்னு சொல்லி விக்கிறது?" என்பார். "நடுவுல வெள்ளையா கீதே, அது சரியா கீதான்னு பாத்துக் குடுக்கறோம்னு சொல்லு" என்பாள். அவர் அப்படியே சொல்லி விற்றும் விட்டார். பிள்ளைப்பாக்கத்துக்காரர்கள் அந்த ரெண்டு மாதம் பரிசோதித்த கிட்னியைத் தின்றார்கள்.

நாலு வயிற்று விவகாரம் ஒரே நாளில் தீர்ந்தது. புல் தின்று அசைபோடுகிற பிராணிக்குத்தான் நாலு, நமக்கு ஒன்று, அதையும் பைபோல வளைத்துப் போட வேண்டும் என்று புத்தகத்தைக் காட்டினேன். "இதைச் சொல்றதுக்கு அந்தாளுக்கு இன்னா கேடு?" என்றாள். ஆனால் ஈரல் தீரவில்லை. மனிதனை வரைந்தால் ஈரலை எப்போதும் தாளின் வலது பக்கம் போடுவாள். புத்தகத்தில் அது இடது பக்கம் இருக்கிறது.

"புஸ்தகம் தப்பு" என்றாள்.

"அக்கா, புஸ்தகம் தப்பா இருக்காதுக்கா."

"ஏழு வயசுலேர்ந்து எங்கப்பன் கடையில ஈரலை எடுத்தவ நானு. எந்தப் பக்கம் கீதுன்னு எனக்குத் தெரியாதா? அச்சடிச்சவன் ஆட்டைப் பாத்துக்கீறானா?"

அன்றைக்கு எங்களுக்குள் பெரிய சண்டை. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். "நீ பெயிலாகறதுக்கே பொறந்தவ" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போய், வயிறு பிளந்து ஈரல் எடுக்காமல் பின்னங்கால் கட்டித் தொங்கிய ஆட்டுக்கு முன்னால் நின்றாள். கையில் என் புத்தகம். படத்தைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள். அப்புறம் புத்தகத்தை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினாள்.

"அடியே ரூத்து! இங்க வாடி!"

போய்ப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்த படத்தில் ஈரல் வலது பக்கம் வந்திருந்தது, ஆட்டில் இருப்பதுபோலவே. ஆயுசு முழுக்க அவள் பார்த்த உடம்பெல்லாம் தலைகீழாகத் தொங்கிய உடம்பு. தலையைத் தூக்கி நிமிர்த்தி வரைந்தாளே தவிர, ஈரலைப் பழைய பக்கத்திலேயே விட்டுவிட்டாள். நானும் அசடுமாதிரி அவளோடு மல்லுக்கு நின்றேன்.

"இனிமே நான் தாளைத் திருப்பிப் போட்டுத்தான் வரைவேன். காலு மேல, தலை கீழ. அப்புறம் நேராக்குனா மனுஷன்" என்றாள். அப்படித்தான் வரைந்தாள். நூறு தடவை வரைந்திருப்பாள், ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

அக்டோபரில் பரீட்சை. எங்கள் மையம் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். பத்து மணி முதல் பன்னிரண்டரை வரைக்கும். சந்திரம்மாள் முன் பெஞ்சு, நான் அவளுக்குப் பின் பெஞ்சு. கேள்வித்தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜீரண மண்டலம் பத்து மார்க், இதயம் பத்து மார்க். எனக்குப் பிடித்த ஒளிச்சேர்க்கையும் பத்து மார்க்குக்கு வந்திருந்தது. அது ஒரு வரி விடாமல் தெரியும். கடைசியில் நிதானமாக எழுதலாம் என்று வைத்துக்கொண்டேன்.

பதினொன்றேகால் இருக்கும். சந்திரம்மாள் விடைத்தாளைத் தூக்கித் தலைகீழாகப் போட்டு வரைய ஆரம்பித்தாள். அறையிலிருந்த சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார்.

"யாருக்குக் காட்டறே? ஏன் பேப்பரைத் திருப்பறே?"

"எனக்குத்தான் சார். நான் அப்டித்தான் வரைவேன்."

"யாரை ஏமாத்தறே? பின்னாடி இருக்கறவளுக்குத்தானே காட்டறே?" என்று அவள் தாளைப் பிடுங்கினார். என் தாளையும் பிடுங்கினார். ரெண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சீஃப் வரட்டும் என்று வாசலில் போய் நின்றார். சீஃப் என்பது அந்த மையத்துக்கே பொறுப்பான அம்மா. அவர் அடுத்த கட்டடத்தில் இருந்தார். நாங்கள் வெறும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மற்றவர்கள் எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது.  சந்திரம்மாள் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீஃப் அம்மா வந்தார். சந்திரம்மாள் எழுந்து, கறிக்கடையை, தொங்குகிற ஆட்டை, ஈரலை, எல்லாவற்றையும் சொன்னாள். அறையில் சிரித்தார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கேள்வித்தாளின் பின்பக்கம் தலைகீழாக ஒரு படம் போட்டு, நேராக்கி அந்த அம்மா கையில் கொடுத்தாள். அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். என் தாளைப் புரட்டிப் பார்த்தார். அதில் அந்தப் படமே இல்லை. நான் இன்னும் வரைய ஆரம்பிக்கவே இல்லை.

"குடுத்துடுங்க சார்" என்றார் சூப்பர்வைசரிடம். "உக்காந்து எழுதுங்கம்மா."

எழுதினோம். பிசாசு பிடித்த மாதிரி எழுதினோம். பன்னிரண்டரைக்கு மணி அடித்தபோது எனக்கு ஒளிச்சேர்க்கை முழுசாக பாக்கி. சூப்பர்வைசர் வரிசையாக வாங்கிக்கொண்டு வந்தார். சந்திரம்மாளிடம் கை நீட்டினார்.

"எனக்கு இன்னும் இதயம் எழுதலை சார்" என்றாள்.

"மணி அடிச்சாச்சு."

"இருவது நிமிஷம் என் பேப்பர் உங்க கக்கத்துல இருந்திச்சி. கடியாரத்தைப் பாத்துக்கினுதான் உக்காந்திருந்தேன். அந்த இருவது நிமிஷத்தைக் குடுத்துட்டு வாங்கிக்குங்க."

"ரூல்ஸ் பேசறியா? குடு இப்டி!"

அவர் தாளின் ஒரு முனையைப் பிடித்தார். அவள் முழங்கையைத் தாள்மேல் ஊன்றிக்கொண்டாள். "இழுங்க சார். கிழிஞ்சா எப்டி கிழிஞ்சிதுன்னு இந்த ஹால்ல கீற அத்தினி பேரும் சொல்லுவாங்க. தப்புப் பண்ணது நீங்க. தண்டனை எனக்கா? நான் எழுந்திரிக்க மாட்டேன். போலீஸைக் கூப்புடு, கலெக்டரைக் கூப்புடு, யாரை வேணா கூப்புடு!"

அவர் கையை எடுத்துவிட்டார். அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள்.  எழுத்துக் கோணிக்கொண்டு போனது. ஆனாலும் எழுதினாள்.

அதற்குள் நான் என் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்திருந்தேன். எப்போது கொடுத்தேன் என்றே தெரியவில்லை. அவர் கை நீட்டினார், கொடுத்துவிட்டேன். வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீஃப் அம்மா திரும்ப வந்தார். சூப்பர்வைசரிடம் என்னவோ கேட்டார். அவர் முகம் தொங்கிப்போனது. "பன்னெண்டு அம்பது வரைக்கும் எழுதும்மா" என்றார் அந்த அம்மா.

சந்திரம்மாள் நிமிர்ந்தாள். முதலில் என் பெஞ்சைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலில் என்னைப் பார்த்தாள்.

"ரூத்து, உள்ள வாடி! உன்னுதும் இருவது நிமிஷம் போச்சில்ல? வந்து கேளு!"

அறை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. சீஃப் அம்மாவும் பார்த்தார். என் தாள் மேசைமேல் தாள்கட்டின் உச்சியில்தான் இருந்தது. நாலு எட்டு வைத்தால் போதும்.

"வேணாங்க்கா" என்றேன். "பஸ்ஸு பூடும்."

காஞ்சிபுரத்திலிருந்து எங்கள் பக்கம் அரை மணிக்கு ஒரு பஸ் இருந்தது.

டிசம்பர் முதல் வாரம் தபாலில் மார்க் சீட் வந்தது. சந்திரம்மாள் அதை ஆபீசில் கொண்டுபோய்க் காட்டினாள். எடுத்துக்கொண்டார்கள். பால்வாடி டீச்சர் வேலை அவளுக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல், மாற்றி மாற்றி பஸ் ஏறி வடக்குப்பட்டுக்கு என் வாசலுக்கு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நாப்பத்தி ரெண்டுடி! அந்த இதயக் கேள்வியே பத்து மார்க்கு. தள்ளிப் பாரு, இன்னா வருது? முப்பத்தி ரெண்டு. அன்னிக்கி எழுந்து வந்திருந்தா நான் ஆயாதான், சாவுற வரிக்கும் ஆயாதான்!" சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் கேட்டாள். "உனக்கு எவ்ளோ?"

நான் உள்ளே போய் என் மார்க் சீட்டை எடுத்து வந்து கொடுத்தேன். முப்பது. சந்திரம்மாள் ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். பாவம் என்று சொல்வாள், அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது. தெருவே வேடிக்கை பார்க்கும்படி கத்தினாள்.

"ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்லாம வாய் கிழியப் பேசுவியேடி! அன்னிக்கி மட்டும் ஏன்டி குடுத்தே?"